இரட்டைக் கோடு

கனடாவிலிருந்து வந்த டாக்டர்கள் முதலில் கேட்டது
ரத்தம் அல்ல, பெயர்கள்.
ஞானஸ்நானப் பதிவேடு என் பொறுப்பில் இருந்ததால்
எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

சிங்கி இறால் பெட்டிகளுக்கு அடியில் விரிக்கும் தாளை
ஆலையிலிருந்து ஒரு சுருளாகத் தூக்கிவந்தேன்.
கூடத்து மேஜைகள் நான்கையும் சேர்த்துப் போட்டு
கொடிவழி வரையத் தொடங்கினோம்.
ஆணுக்குச் சதுரம். பெண்ணுக்கு வட்டம்.
மூச்சிரைப்பு உள்ளவர்களைக் கறுப்பால் நிரப்பு என்றார்கள்.
மாலைக்குள் இரண்டு பேனா தீர்ந்துபோயின.

டிரிஸ்டன் தீவில்
முந்நூறு பேருக்கு ஏழே குடும்பப் பெயர்.
எந்தக் கிளையைப் பிடித்து ஏறினாலும்
இறங்கும்போது சொந்த வாசலில்தான் கால் படும்.
கொடி என்பது சரிதான்.
மரங்களே குனிந்து வளரும் காற்றில்
நாங்களும் ஒருவரை ஒருவர் சுற்றித்தான் படர்ந்தோம்.

உறவுக்குள் கட்டிக்கொண்டவர்களுக்கு
இரட்டைக் கோடு போடவேண்டுமாம்.
நானும் கிளெமன்டும்: இரட்டைக் கோடு.
இளம் டாக்டர் தாளைப் பார்த்தபடியே
"மன்னிக்கவும்" என்றாள்.
எதற்கென்று புரியவில்லை.
பக்கத்து ஊர் ஆறு நாள் கப்பல் தூரத்தில் இருக்கும்போது
வேறு யாரைக் காதலிப்பதாம்?

அவர்கள் கேட்காத ஒன்று உண்டு.
இருட்டில் எங்களுக்கு விளக்கு தேவைப்பட்டதில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் வருவது யாரென்று
அவரவர் நெஞ்சின் சீழ்க்கையே சொல்லிவிடும்.
கிளெமன்டுக்கு, கெட்டில் கொதிக்கத் தொடங்கும் ஒலி.
அவன் அண்ணனுக்கு, கதவிடுக்கில் நுழையும் மேல்காற்று.
என் அம்மா தெல்மாவுக்கு
உள்ளே இழுக்கையில் ஒன்றுமில்லை,
வெளியே விடுகையில் ஒரு பூனைக்குட்டி.
ஆட்டுமயிர் சிக்கெடுக்கும் வாரங்களில்
குட்டிகள் மூன்று நான்காகும்.

எரிமலை வெடித்த வருடம்
எல்லோரையும் இங்கிலாந்துக்கு ஏற்றிப் போனார்கள்.
எனக்கு ஒன்பது வயது.
சத்தமே இல்லாமல் மூச்சுவிடும் மனிதர்களை
அங்கேதான் கூட்டமாகப் பார்த்தேன்.
பேருந்தில் பக்கத்தில் தூங்கியவரை
உயிர் இருக்கிறதா என்று
விரலால் தொட்டுப் பார்த்து
அடி வாங்கினேன்.

ரத்தம் எடுத்த அன்று
வரிசை தபால் நிலையம் வரை நின்றது.
ஊசிக்கு அழாத என் மகன் ராஸ்
தன் சதுரம் எங்கே என்று கேட்டான்.
காட்டினேன்.
அப்பா கறுப்பு, அம்மா கறுப்பு,
கீழே அது மட்டும் வெள்ளை.
"எனக்கு மட்டும் ஏன் இல்ல?"
பந்தியில் விடுபட்டவன் போலக் கேட்டான்.
டாக்டருக்கும் அதே கேள்விதான் போல.
அவன் குப்பியை மட்டும்
இரண்டு முறை பஞ்சில் சுற்றி வைத்தாள்.

வருடங்கள் கழித்துக் கடிதம் வந்தது.
பதினோராவது குரோமோசோமில் எங்கோ,
உறுதியாகச் சொல்ல இன்னும் ஆராயவேண்டும் என்றிருந்தது.
முதன்முதலில் கரையேறிய பெண்களில்
யாரோ கொண்டுவந்திருக்கலாமாம்.
அவள் போர்வை கிழிந்திருக்கும், பானை உடைந்திருக்கும்.
பெயர்கூட மருமகள்களின் பெயருக்கு அடியில் போயிருக்கும்.
இது மட்டும் பத்திரமாக.

அதே கப்பலில் புதுமாதிரி இன்ஹேலர்கள்.
காலையும் இரவும் தவறாமல் இழுக்கவேண்டும்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள்.
உருளைக்கிழங்குத் தோட்டம் வரை
எங்கும் உட்காராமல் நடக்கிறாள்.

நேற்று ராத்திரி
பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால்
முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.
கையிலிருந்த தட்டு விழுந்து நொறுங்கியது.
"கதவத் தட்டிட்டு வரக்கூடாதா?"
கத்திய பிறகுதான் உறைத்தது,
இந்தத் தீவில் யாரும் யாரிடமும்
அப்படிக் கேட்டதில்லை.

அம்மா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.
நிமிர்ந்தபோதும் மூச்சு வாங்கவில்லை.
யோசித்து,
கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்து,
"எத்தன தடவ தட்டணும்?" என்றாள்.